சாம்பல்களியும் அவர் நாக்கும்

அவர் எதையும் முதலில் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். கண் இரண்டாம் பட்சம். காது கணக்கிலேயே இல்லை. மற்றவர்கள் சொல்வதை அவர் ஒருநாளாவது காதுகொடுத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

கோயிலில் ஐயர் விபூதி தந்தால் நாங்கள் நெற்றியில் பூசி, மிச்சத்தில் ஒரு கிள்ளு வாயில் போடுவோம். ஊரில் எல்லாரும் செய்வதுதான். அவர் அந்தக் கிள்ளை முன்பற்களுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல மெல்ல அரைப்பார். பிறகு பக்கத்தில் நிற்கிறவரின் காதுக்குள், "உதுக்குள்ளை சுண்ணாம்பு கலந்திருக்கு. சாணிச் சாம்பல் இப்பிடி நறநறக்காது" என்பார். இரகசியம் சொல்வதாக அவருக்கு நினைப்பு. கப்பலிலும் களிமண் சுரங்கத்திலும் கத்திக் கத்திப் பழகின தொண்டை அது. மூலஸ்தானத்துக்குள் நிற்கிற ஐயருக்கே கேட்கும். ஐயர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போகும், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன்.

இன்னொருநாள், புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் வளவுக்குள் யாரும் கூப்பிடாமலே நுழைந்து, அங்கே குவித்திருந்த மணலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "மேசன், இது கடல் மண். கழுவாமல் பூசினால் ரெண்டு மாரி தாங்காது" என்றார். மேசனுக்கு வந்ததே கோபம்! கரண்டியோடு கேற் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தான். இரண்டாவது மாரியில் அந்த வீட்டுச் சுவர் அப்பளம்போலப் பொருமி உதிர்ந்தது. அதற்குப் பிறகு அதே மேசன் உரப்பையில் மணலைக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் என் கண்ணால் கண்டேன்.

ஊர்ப் பெடியள் அவருக்கு 'மண்நக்கியர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். "உள்ளதைத்தானே சொல்லுறாங்கள்" என்பார். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பிள்ளை என்பார், நீர் என்பார். எனக்கு அப்போதே தலை பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் அவர் வாயில் பிள்ளை என்று கேட்பது நன்றாகத்தான் இருந்தது.

அவர் செத்துப்போன செய்தி போன மாசியில் வந்தது. எங்கள் மண்ணில் இல்லை, கடல்தாண்டி அவர் பெண்கட்டி வாழ்ந்த மற்றத் தீவில். அன்றையிலிருந்து அவரைப்பற்றி ஏதாவது எழுதவேண்டும் என்று இருந்தேன். அவருடைய பெயரைப் போடப்போவதில்லை. பெயரைப் போட்டால் ஊரில் நாலுபேர் வந்து, "அவர் எங்களுக்கு இன்ன முறை" என்று என் வாசலில் நின்று வாயடிப்பார்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

புங்குடுதீவில் அவருடைய தாய்வழி வீடும் எங்கள் வீடும் எதிரெதிர்ப் பக்கம். நடுவில் குளம். இளமையிலே கிரேக்கக் கப்பலொன்றில் வேலைக்குப் போனவர். எங்கள் தீவுகளில் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். அவருடைய கப்பல் களிமண் ஏற்றுவதற்கு ஒரு தீவுக்குப் போயிருக்கிறது. போன இடத்தில் கப்பல்காரன் கையை விரித்துவிட்டான். சம்பளமும் இல்லை, சாப்பாடும் இல்லை, கப்பல் கட்டின கட்டிலேயே கிடந்தது. இவர் பசியோடு மலையேறிப்போய், களிமண் வெட்டுகிற இடத்தில் வேலை கேட்டார். பிறகு அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, ஒரு மகளையும் பெற்று, சுரங்கத்தில் வேலை செய்த புவியியல்காரர்களோடு திரிந்து திரிந்து, எந்த இடத்தை வெட்டலாம் எந்த இடத்தை விடலாம் என்று அடையாளம் போடுகிற ஆளாகிவிட்டார். இங்கே சண்டை நடந்ததால் வருகிற எண்ணம் தள்ளித் தள்ளிப் போயிற்று. கடைசியில் மனைவியையும் மகளையும் அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்து சேர்ந்தபோது, தாயும் இல்லை, கூரையும் பாதி இல்லை. குளம் மட்டும் இருந்தது, அதுவும் எந்தக் கோலத்தில்!

அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்றைக்கே எனக்கும் அவருக்கும் தகராறு. தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பேணியைக் கீழே வைத்தார்.

"இதென்ன பிள்ளை, சப்பெண்டு கிடக்குது?"

"சீனி போதாதோ அண்ணை?"

"சீனி இல்லை. தண்ணி. இது என்ன தண்ணி?"

"பில்ரர் தண்ணி. வடிகட்டினது, பவுசர் லொறியிலை வருது. இப்ப எல்லாரும் உதைத்தானே குடிக்கினம்."

"கிணறு இருக்கேக்கை இதை ஆர் குடிப்பான்? நல்ல தண்ணிக் கிணறெல்லோ அது!" என்று எழும்பிப்போய், குளக்கரையில் இருக்கிற கிணற்றில் தானே அள்ளி, வாளியோடு வாயில் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் அப்படியே நின்றார். அங்கே அந்தத் தீவில், எத்தனையோ வருஷம், யாரும் பார்க்காதபோது தேத்தண்ணிக்குள் ஒரு கிள்ளு உப்புப் போட்டுத்தான் குடித்தாராம். அப்போதுதான் வீட்டுத் தண்ணி மாதிரி இருக்குமாம். மனைவி கண்டுபிடித்துச் சிரித்தாளாம். அதைச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கிற்று. எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனாலும் அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தனியாகக் கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் வைக்கவேண்டி வந்தது, எனக்கு வேறு வேலை இல்லைத்தானே!

குளத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

எங்கள் தீவு சுண்ணாம்புக்கல். தண்ணீர் விட்டால் அரிதட்டில் விட்ட மாதிரி ஓடிவிடும். இருந்தும் அந்தக் குளம் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆவணி வரைக்கும் தண்ணீர் வைத்திருந்தது. மாடுகள் எல்லாம் அதை நம்பித்தான். பிறகு வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சேர்ந்து, குளத்தை ஆழமாக்கினால் இன்னும் கூடத் தண்ணீர் நிற்கும் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். மண் வெட்டுகிற பெக்கோ வந்தது. தேங்காய் உடைத்துத் தொடக்கிவைத்ததே என் கணவர்தான். இரண்டு ஆள் ஆழம் தோண்டி, அடியில் கிடந்த சாம்பல்நிறக் களியை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் யாரோ பள்ளம் நிரப்பினார்கள். அந்த மாரிக்குக் குளம் முட்ட நிரம்பியது. படம் எடுத்து உலகமெல்லாம் அனுப்பினோம். தை பிறக்குமுன் அடி தெரிந்தது.

அண்ணை வந்த புதிதில் அந்தக் குளத்துக்குள் இறங்கி, அடியைச் சுரண்டி, வழக்கம்போல் நாக்கில் வைத்தார். துப்பினார். "கல்லு. வெறும் சுண்ணாம்புக் கல்லு. குளத்தின்ரை தோலை உரிச்சுப்போட்டு, தண்ணி நிக்கேல்லை எண்டு அழுதால் எப்பிடி?" என்றார். கரையில் நின்ற ஊர்ச் சங்கத் தலைவர் குடையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்.

என் பாடு வேறு. என்னிடம் மாடுகள் இருந்தன. சிவலை என்கிற பசுவும் அதன் வழியில் வந்தவையும். ஆடி ஆவணியில் கிணற்றுத் தண்ணீரும் வற்றிக் கனத்துப்போகும், மாடு ஒரு வாய் உறிஞ்சும், தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும், பிறகு இன்னொரு வாய். என் கணவர் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓட்டுகிறவர். டிப்போவுக்குப் பக்கத்தில் வீடு பார்த்து வைத்திருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் முடிவாகத்தான் பேசுவார்.

"இஞ்சேரும், இன்னும் ஒரு ஆவணி பாப்பம். குளத்திலை தண்ணி நிண்டால் நிக்கிறம். இல்லாட்டில் மாட்டைக் குடுத்துப்போட்டு ரவுணுக்குப் போறம்."

மாட்டை யாரிடம் கொடுப்பது? லொறிக்காரனிடம்தான். அவன் எங்கே கொண்டுபோவான் என்று எனக்குத் தெரியாதா? சிவலையின் முகத்தைப் பார்க்க எனக்கு அன்று இரவு முழுக்க முடியவில்லை.

இதைக் கேள்விப்பட்டுத்தான் அண்ணை தன்னுடைய சாம்பல்களிக் கதையை எடுத்தார். அதுவரைக்கும் அவர் தன் மற்றத் தீவைப் பற்றிப் பேசினால் நாங்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போய்விடுவோம். அன்றைக்கு நான் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன், எழும்பிப் போக வழியில்லை.

"பிள்ளை, அந்தத் தீவு நெருப்பிலை பிறந்தது. எங்கடையைப் போலை சிப்பியும் சங்கும் படிஞ்சு வந்ததில்லை. எரிமலை வெடிச்சுச் சாம்பலைக் கக்கி, அந்தச் சாம்பல் கடலுக்குள்ளையும் கரையிலையும் படை படையா விழுந்தது. இப்ப உம்மடை பிட்டைப் பாரும்."

பிட்டு அவிகிற நீத்துப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"இழுக்காதேங்கோ, இன்னும் அவியேல்லை."

"அதைத்தான் சொல்லுறன்! மா ஒரு படை, தேங்காய்ப்பூ ஒரு படை. அதே மாதிரி அங்கை வெள்ளைச் சாம்பல் ஒரு படை, கறுத்த கல்லு ஒரு படை. ஆனால் சாம்பல் சும்மா கிடந்தால் களியாகாது. அது கண்ணாடித் தூள் மாதிரி, நாக்கிலை வைச்சால் கீறும். கீழையிருந்து ஆவி வரவேணும். எரிமலை அணைஞ்ச பிறகும் அடியிலை சூடு கிடக்கும். வெடிப்பு வழியாச் சுடுதண்ணி மேலை ஏறி, சாம்பலுக்குள்ளை ஊறி ஊறி, கனகாலம் கிடந்து அவிச்சு எடுத்ததுதான் இந்தக் களி. எங்கை வெடிப்பு இருந்ததோ அதுக்குக் கிட்டத்தான் நல்ல களி. ஆவி போய்ச் சேராத நடு இடத்திலை..."

"மா வேகாமல் கிடக்கும்" என்றேன்.

"ஓம்!" என்று தொடையில் அடித்தார். "அவியாத சாம்பல். அப்பிடியே கல்லா நிக்கும். என்ரை வேலையே அதுதான் பிள்ளை. அவிஞ்சது எது, அவியாதது எது எண்டு பாக்கிறது. மேலை மஞ்சளாக் கிடக்கும், வெயில் பட்டது. கீழை தோண்டினால் நீலம் கலந்த பச்சை. அதை ஒரு துண்டு எடுத்து நாக்கிலை வைச்சால், நாக்கைப் பிடிச்சு இழுக்கும் பாரும், விடாது. பிறகு பல்லிலை வெண்ணெய் மாதிரி வழுக்கும். மழை பெஞ்சு காய்ஞ்ச இடமெல்லாம் பொரி மாதிரிப் பொருமி நிக்கும். தண்ணியைக் கண்டால் தன்னைப்போலை பத்துப் பங்கு வீங்கிற சாமான். அதை ஒரு படை விரிச்சால் உம்மடை குளத்துக்குத் தோல் திரும்ப வந்திடும்."

அன்றைக்கு ஆவி மேலே வந்து பிட்டு அவிந்து இறங்கும்வரைக்கும் நான் அந்த நீத்துப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் பிட்டு அவித்திருப்பேன், அதற்குள் ஒரு மலை இருக்கிறது என்று யார் கண்டது?

களி யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்தது. குழாய்க்கிணறு துளைக்கிறவர்கள் பாவிப்பதாம். பையில் பென்ரனைற் என்று போட்டிருந்தது. அண்ணை ஒரு பையைப் பிரித்து, ஒரு பிடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடலைக்கொட்டை தின்கிற மாதிரி அடிக்கடி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு திரிந்தார். "இது எந்த எரிமலையோ தெரியேல்லை, ஆனால் நல்லா அவிஞ்ச சாமான்" என்றார். புரட்டாசியில் குளம் வறண்டு கிடந்தபோது ஊர் முழுக்கச் சேர்ந்து அடியில் அதைப் பரப்பி, மேலே மண் போட்டு மிதித்தோம். மாரியின் முதல் அடைமழை வந்து அந்தத் தூளைக் கரைத்துக்கொண்டு போய்விடுமோ என்று அண்ணைக்குப் பயம். அதனால் முன்னமே நனைத்து, வீங்கப்பண்ணி, இறுகவிட நினைத்தார். குளக்கரைக் கிணற்றில் பம்ப் வைத்தோம். தண்ணீர் வந்ததும் கையில் ஏந்தி வாயில் விட்டார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"நல்ல தண்ணி. விடுங்கோ!" என்றார்.

நாங்களும் விட்டோம். எங்களுக்கும் அது நல்ல தண்ணிதான். பிறந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுக்கு அதுதானே பெயர்.

மாரி வந்தது. குளம் நிரம்பியது. இந்தமுறை யாரும் படம் எடுக்கவில்லை. மாசி பிறக்க, நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு சேறு மிஞ்சியது. பங்குனியில் அதுவும் வெடித்தது.

எனக்கு அண்ணைமேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் எரியும். ஊரில் ஒருவரும் அவரை நேரே ஏசவில்லை, அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஒருநாள் காலை அவர் எங்கள் விறாந்தையில் வந்து கதிரையில் இருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. முதலில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கிளாஸ் அள்ளிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்த களியை அதற்குள் போட்டார்.

"களியிலை பிழை இல்லை எண்டு காட்டுறன். இப்ப வீங்கும், பாரும்."

அது வீங்கவில்லை. குருணியாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். தலையை ஆட்டினார். "இல்லை. நல்ல களி. எனக்கு விளங்கேல்லை."

"உங்களுக்கு விளங்கேல்லை! லொறிக்காரன் வந்து என்ரை சிவலையைக் கட்டி ஏத்தேக்கை அவனுக்குப் போய் எரிமலைக் கதை சொல்லுங்கோ. அவனுக்காவது விளங்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்கக்கூடாது என்று ஒரு கிளாஸ் பில்ரர் தண்ணீரைக் கொண்டுவந்து ஓங்கி வைத்தேன். அன்றைக்கு அவருக்காகத் தனிக் கேத்தில் வைக்க எனக்கு மனமில்லை. அவர் ஒரு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார், கையில் மிஞ்சியிருந்த களியை எரிச்சலோடு அந்தத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் உள்ளே போய்க் கறிக்கு வெட்டி, அடுப்பில் ஏற்றி, இறக்கிவிட்டு வந்து பார்த்தால் அவர் அப்படியே இருக்கிறார். கிளாஸை எடுத்துக் கழுவலாம் என்று குனிந்தேன்.

"அண்ணை, உங்கடை கிளாஸுக்குள்ளை என்ன கிடக்குது?"

பில்ரர் தண்ணீர் விட்ட கிளாஸில் தண்ணீரே இல்லை. பாதிக்குமேல் கூழ்மாதிரி, கொழுக்கொழுவென்று, ஒரு ஜெலி. கிளாஸைக் கவிழ்த்தேன், விழவில்லை. பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர்க் கிளாஸில் அதே களி, அதே குருணி, போட்டது போட்டபடி கிடக்கிறது.

அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு கிணற்றுத் தண்ணீர்க் கிளாஸை எடுத்து மேலிருந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி, விழுங்கினார்.

"சவர் பிள்ளை. இது சவர்த் தண்ணி. உப்புத் தண்ணியிலை இந்தக் களி வாய் திறவாது, அது சுரங்கத்திலை முதல்நாள் பழகிறவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியும். உலகத்திலை இருக்கிற தண்ணியெல்லாம் எனக்குத் தெரியும்." கிளாஸைக் கீழே வைத்தார். "ஆனால் எனக்கு இது இப்பவும் இனிக்குது. என்ன செய்ய? அம்மா தந்த தண்ணி இது. என்ரை நாக்கு என்னை ஏமாத்திப்போட்டுது."

அவர் அழுதார். பெரிய குரல்காரர், சத்தமே இல்லாமல் அழுதார். எனக்கும் பொறுக்க முடியவில்லை. எங்களில் யாருக்குத்தான் தெரிந்தது? பம்ப் வைத்த அன்று அங்கே நின்ற அத்தனைபேரும் அந்தக் கிணற்றில் குடித்து வளர்ந்தவர்கள். வெளியூரான் ஒருவன் நின்றிருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பான்.

"அழாதேங்கோ அண்ணை. எனக்கும் அது நல்ல தண்ணிதான்" என்றேன். பிறகு கேட்டேன், "இனி ஏலாதோ?"

மூக்கைத் துடைத்தார். "ஏலும். அந்தக் களி தாள் தாளா அடுக்கின சாமான். முதல் குடிக்கிற தண்ணி நல்ல தண்ணியா இருக்கவேணும். தாளுக்குத் தாள் நடுவிலை அது போய் இருந்திட்டுதெண்டால், பிறகு உப்பு வந்தாலும் ஓரளவு தாங்கும். முதல் வாய்தான் முக்கியம்."

"பவுசரிலை கொண்டு வருவமோ?"

"எத்தினை பவுசர்? மழை இருக்கு. மழைக்கு விடுவம்."

மழைக்கு விடுவது என்றால் சும்மாவா? முதல் மழை அடித்து ஊற்றினால் களி முழுக்கப் போய்விடும், தூறினால்தான் நனையும். எங்கள் ஐப்பசி மழை யார் சொல் கேட்டுப் பெய்கிறது? என் கணவரிடம், இந்த ஆவணியை விட்டுவிடுங்கோ, அடுத்த ஆவணி வரைக்கும் பொறுங்கோ என்று கெஞ்சினேன். அவர் சிவலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுதான் கடைசி" என்றார். அந்த வருஷம் சிவலையின் வழியில் வந்த இரண்டை நெடுந்தீவில் என் தங்கச்சி வீட்டுக்கு வள்ளத்தில் ஏற்றி அனுப்பினேன். சிவலைக்கு நான் குடிக்கிற பில்ரர் தண்ணீரில் பங்கு கொடுத்தேன். வாளியில் வைத்தால் வாயெடுக்காமல் குடிக்கும். பவுசர்காரன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

புரட்டாசியில் மறுபடி களி வந்தது. இந்தமுறை அண்ணையின் செலவு. "என்ரை நாக்குச் செய்த பிழை" என்று ஒருவரையும் கைவைக்கவிடவில்லை. காய்ந்தபடியே பரப்பி, மேலே மண் போட்டு, அதற்குமேல் குளம் முழுக்கப் பனையோலை விரித்தோம். அது என் யோசனை. புகையிலைக் கன்றுக்கு ஓலை மறைப்பு வைத்தால் மழை குத்தாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும்தானே? அண்ணை அதைக் கேட்டதும், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் சொன்னதற்கு வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஓலைக்குமேல் கல்லு வைத்தோம். அதற்குப் பிறகு கரையில் கதிரை போட்டு அவர் காவல். நாயைக்கூட இறங்க விடவில்லை.

மழை ஒரு விடிகாலையில் வந்தது. தூறல். ஓலையில் சிலுசிலுவென்று கேட்டது. நான் ஓடிப்போனேன். அவர் கரையில் நனைந்துகொண்டு, முகத்தை மேலே தூக்கி, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். எழுபது வயது கடந்த மனுசன்!

"என்ன சொல்லுது அண்ணை?"

"சத்தம் போடாதையும். குடிக்குது."

அன்று முழுக்கத் தூறியது, மறுநாளும். பெருமழை பிறகுதான் வந்தது. குளம் நிரம்பின மார்கழியில் அவருடைய மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய தாய் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறாளாம். அவர் அன்றைக்கே பையைக் கட்டினார். என் கணவரின் பஸ்ஸில்தான் யாழ்ப்பாணம் போனார். ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார்.

"இப்ப நிரம்பியிருக்கிறது ஒண்டுமில்லை. மார்கழியிலை சிரட்டையும் நிரம்பும். ஆவணியிலை எனக்குச் சொல்லும். ஆனால் கண்ணாலை பாத்துச் சொல்லாதையும். அடியிலையிருந்து சவர் ஊறி மேலை வந்து நிண்டாலும் கண்ணுக்குத் தண்ணிதான். வாயிலை வைச்சுச் சொல்லவேணும்."

"என்ரை நாக்கும் உங்கடை நாக்குத்தானே அண்ணை. இதே கிணறுதானே?"

"இல்லை. நீர் கனகாலமாப் பில்ரர் தண்ணியெல்லோ குடிக்கிறீர். உம்மடை நாக்குக் கெட்டுப்போச்சு." சிரித்தார். "அதுதான் எனக்கு இப்ப வேணும்."

பங்குனியில் குளம் பாதி. வைகாசியில் அதிலும் பாதி. நான் ஒவ்வொருநாளும் கரைக்குப் போவேன், ஆனால் வாயில் வைக்கமாட்டேன். பயம். ஆடியில் சோளகக் காற்று புழுதியை வாரி அடித்தது, வேலியெல்லாம் செம்மண் பூசிக்கொண்டு நின்றது. கிணற்றில் வாளி தரை தட்டியது. ஆவணி பிறந்தது. குளத்தின் நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

என் கணவர் வேலைக்குப் போகாமல் கரையில் வந்து நின்றார். நான் சிவலையின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது இறங்கிப்போய் மோந்து பார்த்தது. வாயை வைத்தது. உறிஞ்சியது. தலையைத் தூக்கும் தூக்கும் என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அது தூக்கவே இல்லை. காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நானும் இறங்கினேன். காலடியில் கொழகொழவென்று களி வழுக்கியது. இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தேன். கண்ணை மூடி, அவர் செய்கிற மாதிரியே உருட்டி, விழுங்கினேன். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

அங்கே மகள்தான் எடுத்தாள். அவர் ஆசுபத்திரியில் இருந்தார், இந்தமுறை அவருக்குத்தான் முடியவில்லை. போனை அவருடைய காதில் வைத்திருக்கிறாள் என்று மூச்சுச் சத்தத்தில் விளங்கியது.

"ஆர்... பிள்ளையோ? என்ன சொல்லுது?"

போனை வாயோடு ஒட்டிப் பிடித்தேன்.

"அண்ணை... சப்பெண்டு கிடக்குது. வாயிலை வைக்க ஏலாது. அப்பிடியொரு சப்பு!"

பிறகு அந்தப் பழைய சுரங்கத் தொண்டை, அந்த ஆசுபத்திரி முழுக்க அதிரும்படி, எனக்கு விளங்காத பாஷையில் யாருக்கோ என்னவோ கத்தியது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பிறகு என்னிடம், மெதுவாக, தமிழில்:

"எனக்கும் சேத்து இன்னொரு வாய் குடியும் பிள்ளை."

சிவலைக்குப் பக்கத்தில் குனிந்து, குடித்தேன்.